நடவு நட்ட எனக்கு மட்டும் ஏன் தொடை பிடித்துக்கொண்டது?

நீடாமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வெளியூரில் வேலை. குறுவை நடவுக்கு ஆள் குறைந்த ஒரு நாளில் அம்மாவோடு தானும் வயலில் இறங்கியிருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலையிலிருந்து பின்தொடை இரண்டும் கட்டையாகி, மூன்றாம் நாள் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறவர் அவர். ஐம்பத்தைந்து வயது அம்மாவோ மறுநாளும் அதற்கு மறுநாளும் நடவுக்குப் போய்வந்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் அவருடைய சித்தப்பா, "ஏற்றும்போது மூச்சு வாங்கும், இறக்கும்போதுதான் கால் போகும்" என்று சொல்கிறாராம். தசை என்பது கயிறு மாதிரியா, ரப்பர் மாதிரியா, இதெல்லாம் ஏன் இப்படி நடக்கிறது என்பது அவர் கேள்வி.

தம்பி, உங்கள் சித்தப்பாவின் வரியிலேயே பாதி விடை இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் உடலியங்கியல் கற்பித்தவன். கரும்பலகை நிறைய வரைபடம் போட்டு மாணவர்களுக்கு நான் விளக்கியதை, அவர் லாரிப் பலகையில் ஏறி இறங்கியே கண்டுகொண்டிருக்கிறார்.

தசை கயிறும் அல்ல, ரப்பரும் அல்ல. கயிற்றுக்கு எப்போதும் ஒரே குணம். ரப்பரை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு திருப்பி இழுக்கும். தசையின் பலமோ நொடிக்கு நொடி மாறுவது. அந்த நொடியில் அது எந்த நீளத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது, உண்மையில் சுருங்குகிறதா அல்லது இழுத்துக்கொண்டே நீள்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரே ஆள், ஒரே தசை, ஒரே முயற்சி. ஆனால் பலம் வேறு வேறு.

நீளத்தை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு, அப்படியே கையை முஷ்டியாக இறுக்கிப் பாருங்கள். இறுகாது. சிறுவயதில் ஒருவன் கைக்குள் ஒளித்து வைத்திருக்கும் புளியங்கொட்டையைப் பிடுங்க அவன் மணிக்கட்டை மடக்குவோமே, அந்த வித்தைதான். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டு மடங்கியதுமே அவை அளவுக்கு மேல் குறுகிவிடுகின்றன. அதற்கு மேல் இழுக்க அவற்றிடம் வலு மிச்சமில்லை. கதிர் அறுப்பவர்கள் அரிவாளைப் பிடிக்கும்போது கவனியுங்கள், மணிக்கட்டு புறங்கைப் பக்கமாகச் சற்று நிமிர்ந்தே இருக்கும். பிடி பலமாக இருப்பது அந்த நிலையில்தான்.

ஏன் என்று தெரிந்துகொள்ளத் தசைக்குள் போக வேண்டும். ஒரு தசை இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே வரிவரியாகத் தெரியும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைப்பட்ட துண்டுக்கு சார்கோமியர் என்று பெயர். அதன் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, இரண்டரைப் பங்கு. அதற்குள் தடித்த இழை ஒன்று நடுவில், மெல்லிய இழைகள் இரு புறமும். தடித்தது மையோசின், மெல்லியது ஆக்டின். தசை சுருங்கும்போது இந்த இரண்டில் எதுவும் குறுகுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டு உள்ளே போகின்றன. இதை 1954-ஆம் ஆண்டு நேச்சர் என்ற அறிவியல் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டு ஒரே நேரத்தில் வெளியிட்டன: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர்.

நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்ல ஆழித்தேரைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை. திருவாரூரில் வடம் பிடிக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம்தான் ஆக்டின். பிடித்து இழுக்கும் கைகள் மையோசினின் தலைகள். ஒரு தடித்த இழையில் ஏறக்குறைய 300 மையோசின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொரு தலையும் பிடித்து, ஓர் இழுப்பு இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. ஓர் இழுப்பின் நீளம் 5 முதல் 10 நானோமீட்டர்தான். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வருவது ஒரு நானோமீட்டர். இந்தச் சின்ன இழுப்புகள் கோடிக்கணக்கில் சேர்ந்துதான் மூட்டை தோளுக்கு ஏறுகிறது.

இப்போது நீளத்தின் கதை எளிது. வடத்தின் நுனி மட்டும் கூட்டத்துக்குள் எட்டினால் நாலைந்து பேர்தான் பிடிக்க முடியும். நன்றாக உள்ளே வந்தால் எல்லோர் கையிலும் வடம் இருக்கும். மேலும் மேலும் உள்ளே வந்தால் இரண்டு பக்கத்து வடங்களும் ஒன்றோடொன்று மோதி, கூட்டம் நெரிந்து, இழுப்பு குலைந்துபோகும். தவளையின் தசை இழையில் இதை 1966-இல் துல்லியமாக அளந்தார்கள். சார்கோமியர் 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும்போது இழுப்பு உச்சம், 3.65-ஐ எட்டும்போது பிடிக்கக் கையே இல்லாமல் சுழியம். மனிதத் தசையில் உச்சம் இன்னும் கொஞ்சம் நீண்ட அளவில், 2.7 மைக்ரோமீட்டர் அருகில், வருகிறது.

அடுத்தது வேகம். தேர் நிலையில் நிற்கும்போது எல்லாக் கைகளும் வடத்தை இறுகப் பற்றியிருக்கும். தேர் வேகமாக ஓடத் தொடங்கினால் ஒவ்வொருவரும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். எந்த நொடியில் எண்ணினாலும் வடத்தில் இருக்கும் கைகள் குறைவு. தசையும் அப்படியே. வேகமாகச் சுருங்கச் சுருங்க இழுப்பு குறைகிறது. இந்த உறவை 1938-இல் ஏ. வி. ஹில் என்ற ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் சுருங்கும்போது தசையிடமிருந்து அதிகத் திறன் கிடைக்கிறது. பழகிய கையால் வரப்பு வெட்டுபவர் அவசரமும் இல்லாமல் சோர்வும் இல்லாமல் ஒரே சீராக மண்வெட்டி போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வளைகோடுதான் நினைவுக்கு வரும்.

உங்கள் கேள்விக்கு நேரடியான விடை இனிமேல்தான் வருகிறது. தேர் சரிவில் தானாக உருள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வடத்தை விடாமல் பின்னுக்குச் சாய்ந்து நின்று தடுக்கிறது. இழுப்பவர்கள்தான் இழுபடுகிறார்கள். தசை சுருங்க முயன்றுகொண்டே நீளும் நிலை இது. முழங்காலை மடக்கிப் படியிறங்கும்போது முன்தொடைத் தசை இதைத்தான் செய்கிறது. மூட்டையோடு பலகையில் இறங்கும்போதும் இதே. இந்த நிலையில் தசை, அசையாமல் நிற்கும்போது தாங்குவதைவிட அதிகம் தாங்கும். தனியே பிரித்தெடுத்த தசை இழைகளில் ஒன்றரை மடங்குக்கு மேலும் அளந்திருக்கிறார்கள். பிடித்த கையைச் சுமையே இழுத்து விடுவிப்பதால், ஒவ்வொரு தலையும் பிடியை விட்டு மறுபடி பிடிக்கச் செலவாகும் ஏடிபியும், அதாவது தசையின் எரிபொருளும், குறைகிறது.

செலவு எவ்வளவு குறைவு என்பதை 1952-இல் இங்கிலாந்தில் ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் அழகாகக் காட்டினார்கள். நிலையாக நிறுத்திய இரண்டு சைக்கிள்களைப் பின்னோடு பின் வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைக் காலால் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். ஆனால் மிதிப்பவருக்கு ஆக்சிஜன் பல மடங்கு செலவானது. லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் செய்து காட்டியபோது, தடுக்கும் பக்கம் உட்கார்ந்த சிறிய உருவப் பெண் ஒருவர், மிதித்த பெரிய ஆளைச் சற்று நேரத்தில் களைக்க வைத்துவிட்டார். சித்தப்பாவுக்கு இறக்கும்போது மூச்சு வாங்காததன் காரணம் இதுதான்.

ஆனால் "கால் போகும்" என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஓர் இழை அதிகம் தாங்குவதால், 40 கிலோ மூட்டையை ஏற்றும்போது தேவைப்பட்டதைவிடக் குறைவான இழைகளை வைத்தே மூளை வேலையை முடித்துவிடுகிறது. சுமை குறையவில்லை, சுமப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அதிலும் ஓர் இழையில் சார்கோமியர்கள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. எல்லாம் சமபலம் அல்ல. தசை தன் வசதியான நீளத்தைத் தாண்டி இழுபடும்போது, இருப்பதில் நோஞ்சான் முதலில் நெகிழும். நெகிழ்ந்ததும் அதன் பிடி இன்னும் குறையும், மேலும் நெகிழும், கடைசியில் இழைகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்குப் பிரிந்துவிடும். அந்த இடத்தில் அது அறுந்துபோகாமல் தாங்குவது டைட்டின் என்ற சுருள்வில் போன்ற புரதம். மனித உடலில் இருக்கும் புரதங்களிலேயே மிகப் பெரியது அது. தசை தளர்ந்ததும் பெரும்பாலானவை தம் இடத்துக்குத் திரும்பிவிடும். சில திரும்புவதில்லை. அவற்றைச் சுற்றிச் சவ்வு கிழிந்து, கால்சியம் கசிந்து, அழற்சி தொடங்கி, வீங்கி, வலி நரம்புகளின் உணர்ச்சி கூர்மையாகும். இதற்கு நேரம் பிடிக்கும். வலி 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வருவது அதனால்தான்.

லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று பலர் சொல்வார்கள். உங்கள் ஜிம்மிலும் சொல்லியிருப்பார்கள். அது தவறு. வேலை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்த அமிலம் ரத்தத்திலிருந்து போய்விடும். மூச்சு வாங்க மூட்டை ஏற்றும்போதுதான் அது அதிகம் ஊறுகிறது. வலி வருவதோ இறக்கியவருக்கு. இந்த ஒரு முரண்பாடு போதும் அந்தக் கதையை மூட.

நீங்கள் நடவில் மூட்டை இறக்கவில்லையே என்று கேட்பீர்கள். நடவில் முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிகிறோம். குனியும் ஒவ்வொரு முறையும் உடலின் மேற்பாதி முழுவதையும் மெல்லக் கீழே இறக்கி வைப்பது பிட்டமும் பின்தொடையும். அதுவும் பின்தொடைத் தசை மிகவும் நீண்டிருக்கும் நிலையில். சேற்றில் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கும்போதும் அதே இழுபாடு. நீண்ட நிலையில், நீண்டுகொண்டே, பல நூறு தடவை: தசைக்குச் சேதம் விளைவிக்கத் திட்டமிட்டால்கூட இதைவிடக் கச்சிதமாகச் செய்ய முடியாது. ஜிம்மில் பின்தொடைக்கென்று குப்புறப் படுத்துச் செய்யும் கருவி முழங்காலை மடக்கித் தசையைச் சுருக்கிப் பழக்குகிறது. பலம் வருவது உண்மை. ஆனால் அந்தப் பலம் பழகிய நீளத்தில்தான் நன்றாக வெளிப்படும். குனிந்த நிலையின் நீளம் உங்கள் தசைக்குப் புதியது.

அம்மாவின் தசைக்கு அது புதியதல்ல. இப்படி ஒரு முறை இழுபட்டு ஆறிய தசை, அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது மிகக் குறைவாகவே சேதப்படும். இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் நிற்கும். சரிவில் இறங்கி ஓடப் பழக்கிய எலிகளின் தசையில் சார்கோமியர்களின் எண்ணிக்கையே கூடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சங்கிலியில் கண்ணிகள் கூடினால் ஒவ்வொரு கண்ணியும் நீள வேண்டிய அளவு குறைகிறது அல்லவா? நரம்பு மண்டலமும் சுமையை அதிக இழைகளுக்குப் பங்கிடக் கற்றுக்கொள்கிறது. ஆகவே உங்கள் அம்மா உங்களைவிடப் பலசாலி என்று சொல்ல மாட்டேன். அந்த வேலைக்கென்றே ஆண்டுக்கணக்கில் செதுக்கப்பட்ட தசை அவருடையது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருவத்தின் முதல் இரண்டு மூன்று நாள் அவருக்கும் வலித்திருக்கும். ராத்திரி வெந்நீர் ஊற்றிக்கொண்டு படுத்திருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அவருடைய தொடையைப் பற்றிக் கவலை இல்லை, முதுகைப் பற்றித்தான். முழுவதும் குனிந்து நிற்கும்போது முதுகுத் தண்டை ஒட்டிய தசைகள் கடுமையாக உழைக்கின்றன என்றுதான் எவரும் நினைப்பார்கள். மின்முனை வைத்துப் பார்த்தால் நேர்மாறு. குனிய ஆரம்பிக்கும்போது அந்தத் தசைகளில் மின்சலனம் எழுகிறது. குனிந்து அடிமட்டத்தை எட்டியதும் பெரும்பாலானவர்களுக்கு அது ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. 1950-களிலேயே இதைப் பதிவு செய்துவிட்டார்கள். அப்படியானால் உடலைத் தாங்குவது எது? முதுகெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் தசைநார்கள், அவற்றுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டுகள், தசையைச் சுற்றிய உறைகள், தசைக்குள் இருக்கும் டைட்டின். உழைக்காமல், தொங்கிக்கொண்டு தாங்கும் பொருள்கள். களைப்பு தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

இந்தப் பொருள்களுக்கு ஒரு குணம் உண்டு. பாதி திரவம், பாதி வில். சுமையை உடனே எடுத்துவிட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். நெடுநேரம் தொங்கவிட்டால் அதே சுமைக்கு மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். புதுக் கயிற்றில் கட்டிய ஊஞ்சல் நாளாக ஆகத் தாழ்வது போல. இருபது நிமிடம் முழுக்கக் குனிந்திருந்தவர்களின் முதுகை அளந்தபோது, நிமிர்ந்த பிறகு முதல் இரண்டு நிமிடத்தில் பாதி தளர்ச்சி மீண்டது. மீதியோ அரை மணி கழிந்தும் முழுதாகத் தீரவில்லை. அந்த இடைவெளியில் முதுகுக்கு வழக்கமான இறுக்கம் இல்லை. அந்த நேரத்தில் சட்டென்று கனம் தூக்கினால் தட்டோ தசைநாரோ பிசகும் வாய்ப்பு அதிகம். நெடுநேரம் குனிந்திருந்துவிட்டு, நிமிர்ந்த கையோடு ஈர நாற்று முடிகளைக் கொத்தாகத் தூக்கியபோது "இடுப்பில் பிடித்துக்கொண்டது" என்று வந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கனம் தூக்கியதைக் குற்றம் சொல்வார்கள். குனிந்திருந்த நேரமும் அதில் சேர்த்தி.

தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணைப் பற்றியும் ஒரு பத்தி எழுத ஆசை, ஏனென்றால் நம் பக்கத்தில் அதையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்க்க முடிகிற அந்தக் கெட்டியான வடம் நரம்பல்ல, நாண். வில்லின் நாண் என்பதே அதற்குச் சரியான பெயர். கெண்டைக்கால் சதையில் இழைகள் நேராக ஓடாமல், தென்னங்கீற்றின் ஓலைகள் நடுமட்டையோடு சேர்வது போலச் சாய்வாக நாணில் வந்து சேர்கின்றன. குட்டையான இழைகள், ஆனால் ஏராளமான எண்ணிக்கை. எனவே தூரம் குறைவு, பலம் அதிகம். தசையின் குறுக்குவெட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 கிலோ எடைக்குச் சமமான இழுப்புக் கிடைக்கும். நாணோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் வரை அறாது. அவ்வளவு பெரிய சதை அவ்வளவு மெல்லிய நாணில் போய் முடிவது அதனால்தான். தளர்ந்த நாணில் இழைகள் அலையலையாக நெளிந்திருக்கும். வடத்தின் தொய்வு போவது போல முதலில் அந்த நெளிவு நிமிரும், அதன்பின் விறைக்கும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நாண் சில விழுக்காடு நீண்டு, அதில் ஏறிய ஆற்றலில் 90 விழுக்காடு அளவுக்குத் திருப்பித் தருகிறது. நாணின் உறுதி முழுக்கக் கொலாஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. அது மூன்று புரிக் கயிறாக முறுக்கிய அமைப்பு என்று கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆண்டு அதே 1954, இதழும் அதே நேச்சர். தசையின் இழுப்பும் நாணின் முறுக்கும் ஒரே ஆண்டில் விளங்கியது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிற செய்தி. அதில் ஒன்று நம் சென்னையிலிருந்து போனது.

இப்போது உங்களுக்கு. இந்த வலி ஒரு வாரத்தில் தானாகப் போகும். கட்டிலில் கிடக்காமல் மெல்ல நடமாடுங்கள். வெந்நீர் ஒத்தடம் சுகம் தரும். இழுத்து நீட்டும் பயிற்சியால் வலி சீக்கிரம் போய்விடாது, கடுமையாகச் செய்தால் புண்ணைக் கிளறும். சிறுநீர் காபி நிறத்தில் கறுத்துப் போனால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள்.

தீபாவளி விடுமுறைக்கு வரும்போது தாளடி நடவு நடந்துகொண்டிருக்கலாம். இந்த முறை பட்டதை உங்கள் பின்தொடை அதற்குள் முழுதாக மறந்திருக்காது. ஆனாலும் முதல் நாள் ஒரு மணி நேரம் நடுங்கள், போதும். இரண்டு நாள் விட்டு அரை நாள். பிறகு அம்மாவோடு வரிசையில் நிற்கலாம். வயலில் இறங்காத நேரத்தில் வரப்பில் நின்று ஒரு வேலை செய்யுங்கள். அம்மா நிமிரும்போது இரண்டு நிமிடம் சும்மா நிற்கச் சொல்லிவிட்டு, நாற்று முடியை நீங்கள் தூக்கி அவர் கைக்குக் கொடுங்கள்.